சாய்ந்து நின்ற வண்டி

மூன்றாவது நாளும் வண்டிக்கு அடியில் அதே இடத்தில் ஆயில் சொட்டியிருந்தது. முதல் நாள் ஒரு பொட்டு அளவுதான். அடுத்த நாள் உள்ளங்கை அளவு. இன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவி, தூறலின் ஈரத்தில் நீலமும் ஊதாவுமாக மினுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அவளுடைய வீட்டுக்காரர் முட்டைத் தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. அவர் வெளியே வருவதற்குள் அவள் ஒரு கை மரத்தூளை அள்ளிப் போட்டு, காலால் தேய்த்து, ஊறியதும் துடைப்பத்தால் கூட்டிச் சுவரோரம் ஒதுக்கினாள். முட்டைப் பெட்டிக்கு அடியில் போடுவதற்கென்று அந்த வீட்டில் மரத்தூளுக்குப் பஞ்சமில்லை.

சீட்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. அதன் அடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் டியூப் தொங்கும். அதன் நுனியிலிருந்துதான் சொட்டுகிறது என்பது வரைக்கும் பார்த்தாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. வண்டியைப் பற்றி ஒரு பேச்சும் எழாத நாள் அந்த வீட்டில் நல்ல நாள் என்பது மட்டும் தெரியும்.

வண்டி ஒன்று, ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். அண்ணன்காரர், அதாவது அவள் புருஷன், முட்டை வியாபாரி. காலை ஆறேகாலுக்கு வண்டியை எடுத்தால் மேட்டுத்தெருக் கடைகளுக்கு முட்டை போட்டுவிட்டு, மலைப்பாதையின் ஏழு வளைவுகளிலும் இறங்கிக் கீழே டவுனுக்குப் போய், நாலு மணிக்குத் திரும்புவார். தம்பிக்காரன் ஐஸ் கம்பெனியில் இரவு வேலை. ஐந்து மணிக்கு அதே வண்டியை எடுத்துக்கொண்டு போய், விடியும்போது கொண்டுவந்து வாசலில் நிறுத்துவான். ஒருவர் உட்கார்ந்து எழுந்த சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் அதே சீட்டில் உட்காருவார். ஆனால் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிப் பதினொரு மாதமாகியிருந்தது.

வண்டி அவர்களுடைய அப்பாவின் வண்டி. பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது. அன்றைக்கு முட்டை வரத்து இல்லாததால் வண்டி சின்னவனிடம் இருந்தது. வேறு வண்டி பிடிக்கலாம் என்று மருமகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "சின்னவன் வந்துரட்டும்மா. நம்ம வண்டியிலயே போயிடலாம்" என்று பெரியவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சின்னவன் வருகிற நேரத்துக்கு வரவில்லை. அவன் போன் வீட்டிலேயே கிடந்தது. ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டபோது, நாற்காலியில் இருந்தவர் அதைக் கேட்கிற நிலையில் இல்லை.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடா?" என்று அண்ணன் கேட்டார். அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு அவர்களுடைய பேச்செல்லாம் அவள் வழியாகத்தான் போய்வந்தது.

"அந்த மகாராஜாகிட்டச் சொல்லுங்க அண்ணி, செயினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடத் துப்பில்லைன்னா வண்டிய எடுக்கவே வேணாம்னு."

அவள் புருஷனிடம் போய், "செயின் கொஞ்சம் காஞ்சிருக்குங்க" என்பாள்.

"துரைகிட்டச் சொல்லு, ராத்திரி பூரா ஐஸ்கட்டியோட குடும்பம் நடத்தி மூளையும் உறைஞ்சு போச்சான்னு கேட்டேன்னு சொல்லு."

அவள் கொழுந்தனிடம் வந்து, "சரின்னாரு தம்பி" என்பாள்.

சல்லடை மாதிரி இருந்தாள். இரண்டு பக்கமிருந்தும் வருகிற கல்லையும் உமியையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, சலித்த மாவை மட்டும் அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். அந்த ஏச்சுகளெல்லாம் இன்றைக்கும் அவளுக்கு மனப்பாடம். ஏசியவர்களுக்குத்தான் ஞாபகம் இல்லை.

அன்றைக்கு, அந்தத் தூறல் விழுந்த காலையில், அவர் பெட்டியைக் கேரியரில் ஏற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு இழுத்துக் கட்டினார்.

"மழை விட்டதும் போங்களேன்" என்றாள்.

"முட்டை என்ன வெல்லமா, கரையறதுக்கு?"

"முட்டை கரையாது. நீங்க கரைவீங்க."

"இத்தனை வருஷமா உங்கிட்டயே கரையாத ஆளு, இந்தத் தூறல்லயா கரைவேன்?" அவர் கிக்கரை உதைத்தார். வண்டி இருமிக்கொண்டு கிளம்பி, பின்னால் வெள்ளையாகப் புகையைக் கக்கியது. வாசல் முழுக்கப் புகை. அவர் முகம் சுருங்கியது. "இந்தா, தூங்குற துரை எந்திரிச்சதும் கேளு. ஈர விறகு அடுப்பு மாதிரி புகையுது, என்னத்தப் பண்ணித் தொலைச்சான்னு கேளு."

"கேக்குறேன், பாத்துப் போங்க."

வண்டி திரும்பும்போது பின்டயரின் ஒரு பக்கம் பளபளவென்று இருந்ததை அவள் பார்த்தாள். மழைத்தண்ணி என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் அடுப்படிக்குப் போய், விரிசல் விட்ட முட்டைகளை ஒரு கிண்ணத்தில் உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். விற்க முடியாத முட்டைதான் அந்த வீட்டில் தினமும் பொரியல். பின்னறைக் கதவு திறந்தது. கொழுந்தன் போர்வையைப் போர்த்தியபடியே வந்து நின்றான். ஐஸ் கம்பெனியின் குளிர் காலை பத்து மணி வரைக்கும் அவன் உடம்பை விட்டு இறங்காது.

"தூக்கம் வரல அண்ணி. டீ இருக்கா?"

"இருக்கு. ஏன், ஐஸ்கட்டி கனவுல வருதா?"

"அதுங்க கனவுலதான் நான் போய் நிக்கிறேன்."

சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனவன், சுவரோரம் கிடந்த கறுத்த மரத்தூளைப் பார்த்து அப்படியே குந்தினான். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தான். மோந்து பார்த்தான்.

"அண்ணி, இது என்னது?"

"ஆயில். லேசா சொட்டுச்சு."

"எத்தனை நாளா?"

"மூணு நாளா."

"எங்கேர்ந்து? என்ஜினுக்கு நேர் கீழயா?"

"இல்ல தம்பி. சீட்டுக்குக் கீழே கறுப்புப் பெட்டி இருக்கே, அதுல ஒரு டியூப் தொங்குதே. அதுலேர்ந்து."

அவன் எழுந்து நின்றான். "அது ஏர் கிளீனர் அண்ணி. காத்து போற பெட்டி. அதுல ஆயிலுக்கு என்ன வேலை?" அவன் கேட்டது அவளை இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என்ஜின்ல ஆயில் அளவுக்கு மீறினாத்தான் போக எடம் இல்லாம அங்க ஏறி வரும். நான் குச்சிய விட்டு அளவு பாத்துத்தானே ஊத்தினேன்." பிறகு தலையை நிமிர்த்தினான். "ஞாயித்துக்கிழமை ஊத்தினேன்ல, உங்ககிட்டச் சொன்னேன்ல. அவர்கிட்டச் சொல்லிட்டீங்கதானே?"

அவள் டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைந்து விரலில் வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னது உண்மை. "ஆயில் கம்மியா இருந்துச்சு அண்ணி, ஊத்திட்டேன். அண்ணன்கிட்டச் சொல்லிடுங்க, அவரு வேற ஒரு தடவ ஊத்திடப்போறாரு" என்று தெளிவாகச் சொன்னான். அவள் சொல்லப் போனபோது வீட்டுக்காரர் அப்பாவின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்திலா வண்டிப் பேச்சு என்று வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் அவர் வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து குச்சியை எடுத்துப் பார்த்து, "கம்மியா இருக்கே. இவனுக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும்" என்று முனகிக்கொண்டே தன் பங்குக்கு ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றினார். அதையும் அவள் பார்த்தாள். ஆயில்தானே, கூட இருந்தால் வண்டி இன்னும் வழவழவென்று ஓடும், அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

"அண்ணி?"

"சொல்லல தம்பி."

"அவரும் ஊத்தினாரா?"

"மறுநாள். குச்சி கம்மியாக் காட்டுச்சுன்னு."

"நான் ஊத்தின பிறகு எப்படிக் கம்மியாக் காட்டும்?"

அவன் வண்டி நிற்கிற வெற்று இடத்தைப் பார்த்தான். வாசல் தெருப்பக்கம் சரிந்திருக்கும். வண்டியின் பெரிய ஸ்டாண்டு அப்பா காலத்திலேயே உடைந்துபோனது. எப்போதும் சின்ன ஸ்டாண்டில்தான் இடது பக்கமாகச் சாய்ந்து நிற்கும். குச்சி இருப்பது வலது பக்கம்.

"சாஞ்சு நின்னா ஆயில் பூரா அந்தப் பக்கம் போயிரும். குச்சியில ஒட்டவே ஒட்டாது." அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. "நானும் அப்படித்தான் பாத்தேன். அப்போ நான் ஊத்தினதே கூடுதல். அவரு ஊத்தினது அதுக்கும் மேல."

"கூட இருந்தா என்ன? என்ஜின் கெட்டுப்போயிருமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்று இருந்தது அவளுக்கு. என்ஜின் கெட்டால் மெக்கானிக் இருக்கிறான்.

"என்ஜின் கெடக்கட்டும். நிக்கிற வண்டியில சொட்டினா தரையில விழும். ஓடுற வண்டியில எங்க விழும்?"

அவளுக்குப் பளபளவென்று இருந்த டயர் ஞாபகம் வந்தது.

"பின்டயர் மினுமினுன்னு இருந்துச்சு" என்றாள். "நான் மழைன்னு நினைச்சேன்."

அவன் போர்வையைக் கீழே போட்டான். "மணி என்ன?"

ஆறு நாற்பது. மேட்டுத்தெருவில் மூன்று கடை. கடைசியாக பேக்கரி. ஏழு மணிக்குள் அவர் முதல் வளைவில் இருப்பார். அவள் போனை எடுத்துக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மழை நாளில் அவர் போனை பாலிதீன் பையில் சுற்றி முட்டைப் பெட்டிக்குள் மரத்தூளில் புதைத்துவிடுவார். அது அங்கே முட்டைகளோடு அடைகாத்துக்கொண்டிருக்கும். தெரிந்தும் கூப்பிட்டாள். விட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பேக்கரிக்குப் போட்டாள்.

"முட்டைக்காரரா? இப்பத்தாம்மா இறங்கிப் போறாரு" என்றாள் பேக்கரிக்காரி. "ஏன், இன்னிக்கு ரெண்டு உடைஞ்சு வந்துச்சுன்னு நான் சொன்னதைச் சொல்லிட்டாரா? நான் சும்மா விளையாட்டுக்குத்தான்."

"கூப்பிடுங்க! தெருவுல ஓடிப்போய்க் கூப்பிடுங்க!"

"எங்கம்மா கூப்பிடுறது, முனை திரும்பிட்டாரே."

கொழுந்தன் அதற்குள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டில் பெயின்டர் இருந்தார். அவரிடம் பெயின்ட் டின்களும் ஏணியும் ஏற்றுகிற ஒரு பழைய குட்டி வேன் உண்டு. பல் தேய்த்த நுரை வாயோடு வந்தவர், இவர்கள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்தார். நல்ல மனிதர். ஆனால் வேன் நகர ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அவர் ஓட்டுவது நடப்பதை விடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்.

"கொஞ்சம் அமுக்குங்கண்ணே" என்றான் கொழுந்தன்.

"ஈர ரோட்டுல நான் இருபதுக்கு மேல போக மாட்டேன் தம்பி. பின்னால ஏழு டின் பெயின்ட் இருக்கு. கவுந்துச்சுன்னா ரோடு பூரா கல்யாண வீடு மாதிரி ஆயிரும்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் இவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முப்பதுக்குப் போனார்.

பேக்கரி வாசலில் வண்டி நின்ற இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. அவள் கண் அதை விட்டு நகரவில்லை. வேன் தாண்டிய பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே மரத்தூள் போட யாரும் இல்லை என்று ஒரு கிறுக்கு நினைப்பு ஓடியது.

மலைப்பாதையில் இறங்கும்போது பனி கலந்த தூறல். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர். அதற்கப்பால் வெள்ளைப் புகை மாதிரி பள்ளம். அவள் இரண்டு பேருக்கும் நடுவில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தாள். முதல் வளைவில் யாருமில்லை. இரண்டாவது வளைவில் ஒரு பஸ் எதிரே ஏறி வந்தது. டிரைவர் கையை ஆட்டி என்னவோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னாரு? என்னண்ணே சொன்னாரு?"

"மெதுவாப் போன்னு சொல்லியிருப்பாரும்மா."

"கீழே ஆள் கிடக்குன்னு சொன்னாரா?"

"அண்ணி" என்றான் கொழுந்தன். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் கை ஐஸாக இருந்தது. "ஒண்ணும் ஆகாது. அவரு பிரேக்க மெதுவாத்தான் போடுவாரு. முட்டை வண்டி ஓட்டி ஓட்டி பூப்பிடிக்கிற மாதிரிதான் போடுவாரு."

பதினொரு மாதத்தில் அண்ணனைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதையும் அவர் கேட்கவில்லை.

நாலாவது வளைவில் திரும்பும்போது கீழே அடுத்த வளைவின் ரோடு தெரிந்தது. ரோடு மஞ்சளாக இருந்தது. மழைத்தண்ணீர் மஞ்சளைக் கரைத்து இழுத்துக்கொண்டு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்தினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. வேன் நிற்பதற்குள் இறங்கி, முட்டை ஓடுகள் காலடியில் நொறுங்க ஓடினாள்.

வண்டி கைப்பிடிச் சுவரில் முட்டிக்கொண்டு கிடந்தது. பெட்டி பிளந்து, கூழாகிக் கிடந்த முட்டைக்கு நடுவே பாலிதீன் பைக்குள் போன் கிடந்தது. அவர் சுவரில் சாய்ந்து, இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் முழங்காலுக்குக் கீழே கோணலாக இருந்தது. காய்கறிக் கூடையோடு நடந்து போன ஒரு பெண், தன் குடையை அவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உசிருக்கு ஒண்ணுமில்லம்மா" என்றாள் அந்தப் பெண். "கால்தான். சுவரு மட்டும் இல்லைன்னா..." என்று பள்ளத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

இவள் அவருடைய தலையைத் தடவினாள். தோளைத் தடவினாள். எல்லாம் இருந்தது. அப்படியே பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு முட்டைகூட மிஞ்சல" என்றார் அவர். உதடு வெளுத்திருந்தது. பிறகு அவளுக்குப் பின்னால் வந்து நின்ற தம்பியைப் பார்த்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவன்கிட்டக் கேளு" என்றார் அவளிடம். "பின்சக்கரம் வெண்ணெயில போற மாதிரி வழுக்கிட்டுப் போச்சு. டயரைத் தொட்டுப் பாத்தேன், பூரா ஆயிலு. என்ன பண்ணினான்னு கேளு. அப்பா போயாச்சு, அடுத்தது நானான்னு கேளு."

மூன்றடி தள்ளித்தான் தம்பி நின்றான். அவள் சலித்துக் கொடுப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. சொன்ன சொல் முழுசாக அவன் மேல் போய் விழுந்தது.

அவன் தலையிலிருந்து தண்ணீர் மூக்கு வழியாகச் சொட்டியது.

"ஆமா அண்ணி" என்றான். "ஆயில் நான்தான் ஊத்தினேன். ஊத்தினதை யார்கிட்டயும் சொல்லல. தப்பு என்னுதுதான்னு சொல்லிடுங்க."

அவன் அவளைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும். கால் கட்டுப் போட்டால் சேர்ந்துவிடும். அவள் தப்பித்துவிடுவாள். இந்த இரண்டு பேரும்தான் இனி ஒரு கூரைக்குக் கீழே இருக்க மாட்டார்கள். வேனில் வரும்போது இருந்த பயம் வேறு. அது யாரோ தன்னிடமிருந்து எதையோ பிடுங்கப்போகிறார்கள் என்கிற பயம். இப்போது வந்த பயத்தில், பிடுங்கப்போகிற கை அவளுடையதாகவே இருந்தது.

"தம்பி சொன்னாரு" என்றாள்.

"என்ன?"

"சொன்னாரு. ஞாயித்துக்கிழமையே என்கிட்டச் சொன்னாரு, உங்ககிட்டச் சொல்லச் சொல்லி. நான்தான் சொல்லல. மறுநாள் நீங்க ஊத்தினீங்களே, அதையும் பாத்தேன். தம்பிகிட்டச் சொல்லல. மூணு நாளா கீழே சொட்டினதை மரத்தூள் போட்டுக் கூட்டித் தள்ளினதும் நான்தான்."

"அண்ணி, விடுங்க" என்றான் தம்பி.

"ஏன்?" என்று கேட்டார் புருஷன்.

"சண்டை வரும்னு பயமா இருந்துச்சு."

பெயின்டர் வேனிலிருந்து ஏணியை இறக்கிக்கொண்டிருந்தார், அதில் படுக்க வைத்துத் தூக்கலாம் என்று. ஏணி தரையில் உரசிய சத்தம் நின்ற பிறகு மழைச் சத்தம் மட்டும் இருந்தது. புருஷன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"வேற என்னல்லாம் சொல்லாம விட்ட?" என்றார்.

குரலில் கோபம் இல்லை. அவருக்கும் பயமாக இருந்தது போலிருந்தது.

பதினொரு மாதச் சொற்கள் ஒன்றையொன்று முண்டிக்கொண்டு வந்தன. அந்த நெருக்கடியில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்ததுதான் முதலில் வெளியே வந்தது.

"மாமா போன அன்னிக்கு வண்டி பஞ்சர். தம்பி நாலு கிலோமீட்டர் தள்ளிட்டே வந்தாரு. முதப் பஞ்சர் கடை பூட்டிக் கிடந்துச்சாம். இன்னொரு கடைக்குத் தள்ளிட்டுப் போய் ஒட்டிக்கிட்டுத்தான் ஏறி வந்தாரு. மாமா காத்திருக்காருன்னு அவருக்குத் தெரியாது. ஏழாம் நாள் என்கிட்ட அழுதுகிட்டே சொல்லி, இதை அப்படியே அண்ணன்கிட்டச் சொல்லுங்கன்னாரு." அவள் மூச்சு வாங்கினாள். "நான் 'ஏதோ வண்டி பழுதாம்'னு மட்டும் சொன்னேன். அதுக்கு நீங்க, வண்டி ஜோராத்தானே வந்து நின்னுச்சுன்னீங்க."

அவர் கண்ணை மூடினார். கால் வலியா, வேறு எதுவுமா, தெரியவில்லை. குடை பிடித்திருந்த பெண் கையை மாற்றிக்கொண்டாள். பிறகு அவர் கண்ணைத் திறந்து, மனைவியைத் தாண்டித் தம்பியைப் பார்த்தார்.

"எந்தக் கடைடா பூட்டியிருந்துச்சு?"

தம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தான். பதில் சொல்வதற்குப் பழக்கத்தில் அவன் பார்வை முதலில் அவள் பக்கம்தான் போனது. பிறகுதான் திரும்பியது.

"பாலத்துக்குப் பக்கத்துல. வாசல்ல செவலை நாய் கட்டியிருக்குமே, அந்தக் கடை."

"அந்த நாய் செத்துப் போச்சு."

"எப்போ?"

"போன மாசம். லாரி அடிச்சிருச்சு."

"அய்யோ" என்றான் தம்பி. கிட்டே வந்து குனிந்தான். "கால அசைக்காத. என் கழுத்தைப் பிடிச்சுக்க. பிடிண்ணே, கெட்டியாப் பிடி."

அவள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கையைத் தரையில் ஊன்றி, முட்டை வழுக்கலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்ந்து, அவனுக்கு வழி விட்டாள்.